தலை தொட்டு எண்ணிய ஊர்

நெதர்லாந்தில் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, ஊர் முழுக்கச் சங்கு ஊதுகிறது. கம்பத்து உச்சியில் தட்டுகளை அடுக்கிக் கவிழ்த்தது போன்ற கருவிகளிலிருந்து அந்த ஓலம் கிளம்பி, மேலே ஏறி, ஒன்றரை நிமிடம் வானத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. கடல் உடைத்துக்கொண்டு வந்தால், ஆலையில் நச்சுப்புகை கசிந்தால் ஊரை எச்சரிப்பதற்கான சங்கு அது. வேலை செய்கிறதா என்று மாதம் ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொள்கிறார்கள். எனக்கு விசித்திரமாகப் படுவது சங்கு இல்லை. அது அலறும்போது ஒருவரும் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார்களே, அதுதான். ரொட்டிக் கடைக்காரர் ரொட்டி அறுப்பதை நிறுத்துவதில்லை. சைக்கிளில் போகிற பெண் கையை நீட்டிக் காட்டிவிட்டு இடப்பக்கம் திரும்புகிறாள். நாய்கூடத் தலையைத் தூக்குவதில்லை. நான் மட்டும், எங்கே இருந்தாலும், பக்கத்தில் இருக்கிற கதவு நிலைக்குக் கீழே போய் நின்றுகொள்கிறேன். நின்றதும் என் வலது கை தானாக நீள்கிறது, அருகில் இருப்பவர் தலையைத் தொட.

வந்த புதிதில் இது பெரிய கூத்தாகிவிட்டது. முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாகச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சூப் பரிமாறும் நேரம். சங்கு ஊதியதும் நான் சூப் கரண்டியைப் போட்டுவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இரண்டு கிழவிகளின் சக்கர நாற்காலிகளை ஒரே இழுப்பாக இழுத்து நடைவழிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, அவர்கள் தலையைத் தொட்டு, தமிழில் "ரெண்டு! ரெண்டும் உள்ள!" என்று கத்தியிருக்கிறேன். என் சக தாதி வில்மா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். "பயப்படாதே, ஒன்றுமில்லை. இன்று திங்கட்கிழமை, அவ்வளவுதான்" என்றாள். திங்கட்கிழமை என்பது எப்படி ஒரு சமாதானமாகும் என்று எனக்கு அன்று புரியவில்லை. இழுத்து வரப்பட்ட கிழவிகளில் ஒருத்தி, பெயர் கொர்ரி, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: "உன் நாட்டில் போரா, பெண்ணே?" இல்லை என்றேன். "விமானமா?" இல்லை, கல் என்றேன். "யார் எறிந்தார்கள்?" எனக்குத் தெரிந்த அரைகுறை டச்சு மொழியில் சொன்னேன்: யாரும் எறியவில்லை, வெடி நாங்களே வைத்தது. தங்களுக்குத் தாங்களே குண்டு வைத்துக்கொள்ளும் ஒரு ஜனத்திலிருந்து நான் வந்திருக்கிறேன் என்று அவள் புரிந்துகொண்டாள். அதன்பிறகு எனக்கென்று தினம் ஒரு பிஸ்கட்டை எடுத்து வைப்பாள். நான் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால், அவள் புரிந்துகொண்டதில் தப்பு என்று சொல்லவும் அதிகமில்லை.

எங்கள் ஊருக்குக் கோரிமேடு என்று பெயர். தமிழ்நாட்டில் எத்தனையோ கோரிமேடு இருக்கும். கல்குவாரி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு கோரிமேடு முளைத்துவிடும். எங்களுடையது உத்திரமேரூருக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டில் டீக்கடையில் இறங்கி உள்ளே நடந்தால் அரை மணி நேரம். ஒரு மலை, அதன் காலடியில் முப்பத்தைந்து குடிசை. எல்லாரும் எங்கிருந்தோ கல்லைத் தேடி வந்தவர்கள். ஆண்கள் மலையில் வெடி வைக்கக் குழி அடிப்பார்கள், பெண்கள் கீழே சுத்தியால் ஜல்லி உடைத்துப் பாண்டு என்கிற இரும்புச் சட்டியில் அள்ளி லாரிக்கு ஏற்றுவார்கள். மழை பெய்தாலும் ஊர் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ஆயிரம் வருடத்துக் கல்வெட்டைப் பார்க்க வெளியூரிலிருந்து கார் காராக வருவார்கள். அந்தக் கார்கள் வரும் சாலைக்குக் கல் கொடுத்தவர்கள் நாங்கள். எங்கள் பெயர் எந்தக் கல்லிலும் கிடையாது. எழுதுவதற்கு முன்னே உடைத்துவிடுவோம்.

ஒவ்வொரு நாளும் உச்சிப் பொழுதுக்கு வெடி. வெடிமருந்துத் தோட்டாவைக் குழியில் திணித்துத் திரியை வெளியே இழுத்துவிட்டு, திரி கொளுத்த ஒருவரை மேலே விட்டு, மற்றவர்கள் வீட்டுக்கு இறங்கிவிடுவார்கள். கீழே அஞ்சலை அத்தை நிற்பாள், சிவப்புக் கொடியோடு. எனக்கு உறவில்லை, ஊருக்கே அத்தை. பீடி பிடிப்பாள், குரல் மலையில் மோதித் திரும்பி வரும். அவள் கொடி மேலே நிற்கும்வரை யாரும் திரியில் நெருப்பு வைக்கக் கூடாது. கொடி இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்த வீட்டுப் பெண் உள்ளேயிருந்து எண்ணிக்கை சொல்ல வேண்டும். கண்ணால் எண்ணக் கூடாது. தூசியும் இருட்டுமாக இருக்கும் குடிசையில் கண் ஏமாற்றும் என்பது ஊர் அனுபவம். தலையைத் தொட்டு எண்ண வேண்டும். கிரஷரில் ஓடித் தேய்ந்த பழைய ரப்பர் பெல்ட்டைக் கூரைமேல் போர்த்தியிருப்போம். அதற்குக் கீழே, கதவு நிலையை ஒட்டி, எல்லாரும் குந்தியிருக்க, அம்மாவின் கை எங்கள் தலைமேல் ஒவ்வொன்றாக வந்து விழும். சுத்தி பிடித்துக் காய்த்த கை. அந்தக் கனத்தில்தான் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதே எனக்கு முதலில் தெரிந்தது.

"கன்னிம்மா வூடு?"

"நாலு! நாலும் உள்ள!"

கன்னிம்மா என் அம்மா. நைனா, அம்மா, நான், தம்பி சங்கர். நாலு.

பதிலில் மூன்று வகை உண்டு. கூரைக்குக் கீழே இருந்தால் "உள்ள". சந்தைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போயிருந்தால் "ஊர்ல இல்ல". அவர்களுக்குக் கல் எட்டாது, அவர்களை விட்டுவிட்டு வெடிக்கலாம். மூன்றாவது "வெளிய". இங்கேதான் எங்கேயோ இருக்கிறான், ஆனால் கூரைக்குக் கீழே இல்லை. ஏதாவது ஒரு வீடு "ஒருத்தன் வெளிய" என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். கொடி இறங்காது. முப்பத்தைந்து வீடும் சோறு ஆறக் காத்திருக்கும். அஞ்சலை அத்தை நாலு திசைக்கும் அந்தப் பெயரைக் கத்துவாள். ஒருமுறை கோவிந்தன் என்கிறவருக்காக ஊரே ஒரு மணி நேரம் காத்திருந்தது. அவர் வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தார். இத்தனை பெண்கள் காது கொடுத்துக் கேட்கும்போது அங்கிருந்து எப்படிக் குரல் கொடுப்பது என்று வெட்கம்.

"யோவ், வாயத் தொறந்து ஒரு கொரல் குடுத்தா இன்னா, குடியா முழுவிப் பூடும்?" என்று அத்தை பிடித்துக்கொண்டாள்.

"எங்க கீறன்னு கேப்பியே அஞ்சல. நான் இன்னான்னு சொல்றது?"

"ஒனக்காக மலையே குந்திக்கினு கீது. ஒரே பேஜாராப் போச்சி."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் யாரும், ஓனர்கூட, கோவிந்தனை விட்டுவிட்டு வெடியுங்கள் என்று சொல்லவில்லை. கூலியை ஏமாற்றுவார்கள், அளவில் ஏமாற்றுவார்கள், ஆனால் அந்தக் கொடியை மட்டும் யாரும் ஏமாற்றியதில்லை. எழுதி வைக்காத ஒரே சட்டம் அது, எங்களிடம் இருந்த ஒரே சட்டமும்கூட.

நான் படித்தேன். எப்படிப் படித்தேன் என்பது வேறு கதை. உத்திரமேரூர் பெண்கள் பள்ளி டீச்சர் ஒருத்தர், சென்னையில் ஒரு கன்னியாஸ்திரீ ஆஸ்பத்திரி, அங்கேயே நர்சிங். நான் சென்னைக்குப் போன பிறகும் அம்மா "நாலு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். விடுமுறைக்குப் போனபோது நானே என் காதால் கேட்டேன், அஞ்சலை அத்தை எங்கள் வாசலில் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றதை.

"யே கன்னிம்மா, ஒம் பொண்ணு மெட்ராஸ்ல ஊசி போட்டுக்கினு கீறா. நீ டெய்லி நாலுன்ற. நான் அவளை எங்க போய்த் தேடுவேன்?"

"அவ தலகாணி அங்கியே கெடக்குது. கை பட்டுடுது, வாய்ல வந்துடுது."

"தலகாணிக்கு ஒண்ணும் ஆவாது. மூணுன்னு சொல்லிப் பழகு."

அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். தலையணையைத் தட்டிப் பெட்டிமேல் வைத்துவிட்டேன். அதன்பிறகு மூணு என்று சொல்லப் பழகிக்கொண்டாள். இரண்டாயிரம் பிறந்த சில வருடங்களில், தாதிகள் வேண்டும் என்று ஒரு ஏஜென்சி ஆள் எடுத்தபோது, நான் இந்த மலையே இல்லாத தேசத்துக்கு வந்து சேர்ந்தேன். சப்பாத்தியைப் போல் தட்டையான நாடு. பாலம் ஏறுவதுதான் இங்கே ஏற்றம். பெயரில் பெர்க், அதாவது மலை, என்று முடியும் ஊர்கள் உண்டு. போய்ப் பார்த்தால் எங்கள் ஊர் ஜல்லிக் குவியல் உயரத்துக்கு ஒரு மேடு இருக்கும், அதற்கு ஒரு பெஞ்சு போட்டு, ஏறியவர்கள் மூச்சு வாங்க வசதி செய்திருப்பார்கள்.

முதல் பனிக்காலத்தில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். முழங்கால் வரை சிவப்புக் கோட்டு, பின்னால் உறைந்த கால்வாய். நன்றாக இருக்கிறேன், கம்பளி போட்டுக்கொள்கிறேன், கன்னம் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது என்று வீட்டுக்குக் காட்ட. கடிதத்தோடு அனுப்பினேன். எங்களுக்கு வரும் தபாலை மெயின் ரோட்டு டீக்கடையில்தான் போட்டுவிட்டுப் போவார்கள். சங்கருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். காலையில் டீக்கடைக்காரர் சைக்கிளைக் கேட்டு வாங்கி, தபாலைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, நாஷ்டா தின்றுவிட்டு, சைக்கிளைத் திருப்பி விடப் போனான். அங்கிருந்து நடந்து வர வேண்டும்.

இனி வருவதை நான் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் அங்கே இல்லை. ஆனால் அன்றைய எண்ணிக்கையில் நான் இருந்தேன்.

உச்சிப் பொழுது. அத்தை கூப்பிடுகிறாள். நைனாவும் அம்மாவும் நிலையை ஒட்டிக் குந்தியிருக்கிறார்கள். அம்மாவின் மடியில் என் போட்டோ. காலையிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை. "கன்னிம்மா வூடு?" அம்மா தன் தலையைத் தொட்டாள். நைனாவின் தலையைத் தொட்டாள். கை கீழே இறங்கி, சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்த என் தலையைத் தொட்டது. "மூணு! மூணும் உள்ள!" எண்ணிக்கை சரியாக இருந்தது. தொட்டுத்தான் எண்ணினாள். ஊர்ச் சட்டத்தில் ஒரு எழுத்துகூட அவள் மீறவில்லை.

சங்கர் அப்போது லாரிப் பாதையில் வந்துகொண்டிருந்தான். மற்ற வீடுகள் பதில் சொல்வது அவனுக்குக் கேட்டது. ஓடியிருந்தால் ஏதாவது ஒரு வீட்டுக்குள் நுழைந்திருக்கலாம். ஓடவில்லை. பிறகு ஒருநாள் போனில் என்னிடம் சொன்னான்: "நான் இன்னாத்துக்கு யக்கா ஓடணும்? நம்ம வூட்ல 'ஒருத்தன் வெளிய'ன்னு சொல்லியிருப்பாங்க, அத்தை இப்போ எம் பேரைக் கத்தும்னு பாத்துக்கினு நடந்து வந்தேன்." அத்தை கத்தவில்லை. கொடி இறங்கியது. பெருங்கல் இல்லை, ஒரு தேங்காய் அளவுதான். இடது முழங்காலில் விழுந்தது. காலை எடுக்காமல் விட்டது டாக்டர்களின் கெட்டிக்காரத்தனம். ஆனால் அந்த முழங்கால் அதன்பிறகு மடங்கவில்லை.

டீக்கடை போனுக்குத்தான் நான் கூப்பிட முடியும். செய்தி தெரிந்து கூப்பிட்டபோது அம்மாவை வரச்சொல்லிக் காத்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். ரிசீவரை எடுத்தவள் அழவில்லை, திட்டவில்லை. "இனிமே போட்டோ அனுப்பாத" என்றாள். வைத்துவிட்டாள். அஞ்சலை அத்தை மறுநாளே கொடியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, மாகறல் பக்கம் நடவு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பிறகு விசில் வந்தது. விசில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாது.

அம்மா என்னோடு பேசாமல் இருக்கவில்லை. கூப்பிட்டால் பேசுவாள். மழை, ரேஷன் அரிசி, நைனாவின் இருமல். நான் சொல்வதற்கு "ம்" கொட்டுவாள். எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்க மாட்டாள். ஒருநாள் சங்கர், சிரிப்பு வார்த்தையாகத்தான், சொன்னான்: "ரேஷன் கார்டு மாத்த வந்தவன் எத்தினி புள்ளைங்கன்னு கேட்டான் யக்கா. ஒரு பையன்னு சொல்லிடுச்சி அம்மா. நீ ஃபாரின் போனதும் ஒன்ன ரைட் ஆஃப் பண்ணிட்டாங்க போலக்கீது." நானும் போனில் சிரித்தேன். அன்றைக்கு முழுக்க இல்லத்தில் யாருக்கு என்ன மாத்திரை என்று மூன்று முறை சரிபார்த்துக் கொடுத்தேன். எண்ணிக்கை மேல் இருந்த நம்பிக்கை எனக்கே போய்விட்டிருந்தது. அம்மாவுக்கு என்மேல் கோபம் இல்லை என்று தெரியும். என்னை எண்ணினால் பக்கத்தில் இருக்கிற யாரையோ விட்டுவிடுவோம் என்கிற பயம் அவளுக்கு. தெரிந்து என்ன செய்வது? நாடு மாறினால் பாஸ்போர்ட் போதும். எந்த வீட்டுக் கணக்கிலும் இல்லாத ஒருத்தி எந்த நாட்டில் போய் நின்றால் என்ன? மறுபடி ஒருமுறை அம்மா என்னைச் சேர்த்து எண்ண வேண்டும். வேறொன்றும் எனக்கு அவளிடமிருந்து வேண்டியிருக்கவில்லை.

இதற்கிடையில் மலை தீர்ந்துபோனது. மலை தீரும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. தரை மட்டத்துக்கு வந்ததும் கீழே தோண்டினார்கள். குழி குடிசைகளை நோக்கி நகர்ந்து வந்தது. புறம்போக்கு நிலம், யாரிடமும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை, காலி செய்யச் சொன்னார்கள். இருந்த இடத்தையும் வெடித்துக் கல் எடுத்தார்கள். ஊற்று கண் திறந்து தண்ணீர் ஏறியதும் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முப்பத்தைந்து வீடும் முப்பத்தைந்து திசை. செங்கல் சூளை, ஒரகடம் பக்கம் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, மருமகள் ஊர், மகள் ஊர். எங்கள் வீட்டுக்கு மட்டும் உத்திரமேரூர் ஓரத்தில் இரண்டு அறைத் தொகுப்பு வீடு ஒன்று கிடைத்தது. சங்கர் அதன் வாசலிலேயே பஞ்சர் கடை போட்டுக்கொண்டான். உட்கார்ந்து செய்கிற வேலை. கல்யாணமும் செய்துகொண்டான். அவன் மனைவி தேவி கெட்டிக்காரி.

நைனா இருமி இருமிப் போன செய்தி வந்து எனக்கு டிக்கெட் கிடைப்பதற்குள் காரியமே முடிந்துவிட்டது. போய்ச் சேர்ந்த மறுநாள் சங்கர் என்னை டிவிஎஸ் வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு, மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டியபடி ஓட்டிப்போனான். கோரிமேட்டில் மேடு இல்லை. பச்சைத் தண்ணீர் நிரம்பிய ஒரு பெரும் பள்ளம். கரையில் நின்று, நம் வீடு எங்கே என்று கேட்டேன். கைத்தடியைத் தூக்கிக் காட்டினான். தரையை அல்ல, தண்ணீரையும் அல்ல. பள்ளத்துக்கு மேலே, வெறும் காற்றை.

"அதோ கொக்கு பறந்துகினு கீது பாரு. அங்கதான் அடுப்பு. கொஞ்சம் இந்தாண்ட வந்தா ஒன் தலகாணி."

"வெளையாடாதடா."

"நெஜமாத்தான். தரையவே தூக்கிக்கினு போய்ட்டாங்க. வூடு அந்தரத்துல நிக்குது."

ஊரை இழந்தவர்கள் பலரைத் தெரியும் எனக்கு. என் கணவரே யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குத் திரும்பிப் போய் நிற்க முடியாத மண் ஒன்று இருக்கிறது. அது அங்கேயே இருக்கிறது. எங்களுக்கு நிற்பதற்கு மண்ணே இல்லை. நான் பிறந்த இடம் இப்போது ஒரு பறவை கடந்து போகும் வழி. அதை வெடிக்கக் குழி அடித்தவர் என் நைனா. உடைத்துப் பாண்டில் அள்ளியவள் என் அம்மா. சென்னையிலிருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். உங்கள் பாலங்களின் தூணில், புறவழிச் சாலையின் அடியில், மாடி வீட்டின் தளத்தில் எங்கள் ஊர் இருக்கிறது. தொலைந்துபோகவில்லை, உங்கள் காலுக்குக் கீழே பரத்தி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் நின்றுதான் நீங்கள் உங்கள் சொந்த ஊரைப் பற்றி ஏங்குகிறீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. மெதுவாக நடங்கள், அவ்வளவுதான்.

அன்று மாலை அம்மா வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன சுத்தியல், பெரிய கல். பழக்கம் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கை எடுத்தேன். எத்தனையோ வருடமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"யம்மா, ஒனக்கு எத்தினி புள்ளைங்க?"

சுத்தியல் நின்றது. பிறகு விழுந்தது.

"புளி ஈரமா கீது. நாளைக்கு வெயில்ல போடணும்" என்றாள்.

கிளம்புகிற அன்று சங்கர் பஞ்சர் கடை டப்பாவிலிருந்து ஒரு கவரை எடுத்து என் பையில் செருகினான். "அம்மா பெட்டியில வெச்சிருந்துச்சி. வூடு மாத்தும்போது தூக்கிப் போடச் சொல்லுச்சி. நான் போடல." விமானத்தில் பிரித்துப் பார்த்தேன். சிவப்புக் கோட்டு, உறைந்த கால்வாய். என் நெற்றிக்கு மேல், முடி இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. கல் தூசி. தேய்த்தும் போகாதபடி பதிந்திருந்தது. என் வாழ்நாளில் யாரும் என்னை அவ்வளவு உறுதியாக எண்ணியதில்லை. அந்த உறுதிக்கு விலை என் தம்பியின் முழங்கால்.

இங்கே கடலைத் தடுத்து நீண்ட கரைகள் கட்டியிருக்கிறார்கள். விடுமுறை நாட்களில் அதன்மேல் நடப்பேன். தங்கள் மண்ணில் கல் இல்லாததால் வேறு தேசங்களிலிருந்து கப்பலில் கொண்டுவந்து கொட்டிய பாறைகள். சில பாறைகளின் முகத்தில் மேலிருந்து கீழாக ஒரு பள்ளமான கோடு ஓடும், மூங்கிலைப் பிளந்து பதித்த மாதிரி. தோட்டா வைக்க அடித்த குழியின் பாதி அது. மறு பாதி வேறொரு கல்லில், வேறெங்கோ. என் மகள் அதை நத்தை போன தடம் என்கிறாள். நான் கட்டைவிரலை அதற்குள் வைத்துக் கீழ்வரை இழுப்பேன். இந்தக் கல் இருந்த ஊரில் வெடிக்கு முன்னால் யார் யாரைத் தொட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சென்ற பங்குனியில் ஒரு திங்கட்கிழமை. எனக்கு ஓய்வு நாள். மகளுக்குப் பள்ளி விடுமுறை, என் கணவர் சமையலறை மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். இப்போது வீட்டிலேயே செல்போன் இருக்கிறது. வெங்காய விலையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணி என்பதை மறந்துவிட்டேன். சங்கு கிளம்பியது. சத்தம் கேட்டால் தரையில் படுக்கிற ஊரிலிருந்து வந்தவர் என் கணவர். இத்தனை வருடத்தில் படுப்பதை விட்டுவிட்டார், ஆனால் பேப்பரைப் பிடித்த கை இறுகியது. நான் மகளைத் தோளோடு இழுத்துக்கொண்டு அவரருகே இருந்த கதவு நிலைக்கு நகர்ந்தேன். இந்தக் கூத்து மகளுக்குப் பழக்கம். தின்பதை நிறுத்தாமல் கூட வந்தாள். வெங்காயத்தை விட்டுவிட்டு அம்மா போனில் கேட்டாள்.

"இன்னாது அது?"

"சங்கும்மா. சும்மா ஊதிப் பாக்கறாங்க. மாசா மாசம்."

"சும்மாவா?" ஓலம் போனுக்குள் இறங்கி, கடல்களைத் தாண்டி, உத்திரமேரூர் ஓரத்தில் பஞ்சர் கடை வாசலில் போய் விழுந்துகொண்டிருந்தது. "நீ எங்க நின்னுகினு கீற?"

"கதவாண்ட."

"எத்தினி பேரு?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பத்து வருடமாக அது என்னிடம் பேசவில்லை. மகளின் தலையைத் தொட்டேன். கணவரின் தலையைத் தொட்டேன். போனைக் காதோடு பிடித்திருந்த கையாலேயே என் தலையைத் தொட்டேன். மற்ற கை இன்னும் நீண்டு காற்றில் துழாவியது. அதை மடக்கிக்கொண்டேன். இல்லாதவர்களை எண்ணக் கூடாது. அதை எங்கள் வீட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"மூணும்மா. மூணும் உள்ள."

"ம்" என்றாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் போலிருந்தது. செருப்புத் தேயும் சத்தம். தூரத்தில் சங்கரின் குரல்: "இன்னாம்மா இது, பஞ்சர் ஒட்டிக்கினு கீறேன், தலைல கைய வெக்கிற?" தேவி சிரிப்பது கேட்டது, அவள் சிரிப்பும் பாதியில் நின்றது, அவள் தலைமேலும் அந்தக் கை விழுந்திருக்க வேண்டும். பிறகு என் அம்மா குரலை உயர்த்தினாள். என்னிடம் சொல்வது போல இல்லை. தெருக்கோடியில் கொடியோடு ஒருத்தி நிற்கிறாள் என்பது போல, இல்லாத மலையில் மோதித் திரும்பி வர வேண்டும் என்பது போல.

"நாலு பேரு வூடு! மூணு உள்ள! ஒருத்தி வெளிய!"

வெளிய என்றாள். ஊர்ல இல்ல என்று சொல்லவில்லை.

இங்கே சங்கு ஓய்ந்துவிட்டது. வழக்கம் போல ஒன்றுமே நடக்கவில்லை. ரொட்டிக் கடைக்காரர் அறுத்துக்கொண்டிருந்திருப்பார், சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன, மகள் தட்டை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாள். நான் நிலையை விட்டு நகரவில்லை. பச்சைத் தண்ணீருக்கு மேலே, கொக்கு பறக்கும் உயரத்தில், முப்பத்தைந்து வீடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்க, யாரோ என் பெயரை நாலு திசைக்கும் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். இறங்காமல் நிற்கிறது கொடி.